ஆக்சிலேட்டர் மிதிச்சா மட்டும் வண்டி உதறுது, காலை எடுத்தா உதறல் நின்னுடுது. பேலன்சிங் ரெண்டு தடவ பண்ணியாச்சு, யாராவது சொல்லுங்க

சேலத்து வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், மேனுவல் கியர், 86,000 ஓடியிருக்கு. நான் ரெண்டாவது ஓனர், வாங்கி 2 வருஷம் ஆகுது. பிரச்சனை என்னன்னா, 40ல இருந்து 70 வரைக்கும் ஸ்பீடு ஏத்தும்போது வண்டி உதறுது. ஸ்டியரிங் பெருசா ஆடல, சீட்டுதான் ஆடுது, அதுவும் மேல கீழ இல்ல, இடது வலதா இடுப்பை புடிச்சு யாரோ ஆட்டுற மாதிரி. டேஷ்போர்டு மேல இருக்கிற பிள்ளையார் தலையை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டுவார், அவரை பார்த்துதான் என் வீட்டுக்காரம்மா முதல்ல கண்டுபுடிச்சாங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா அடுத்த செகண்ட் ஒண்ணுமே இல்ல, வெண்ணெய் மாதிரி போகுது. மறுபடி மிதிச்சா மறுபடி உதறல்.

போன வாரம் தர்மபுரி போயிட்டு வந்தோம், நாங்க நாலு பேரு, டிக்கில ஒரு மூட்டை அரிசி. தொப்பூர் கணவாய் ஏறும்போது மூணாவது கியர்ல 50ல போறேன், உதறுன உதறல்ல பின்னாடி உக்காந்திருந்த அம்மா "டயர் கழண்டுருச்சாடா"ன்னு கேட்டுட்டாங்க. திரும்பி வரும்போது அதே கணவாய் இறக்கம், அதே 50 ஸ்பீடுதான், சத்தமே இல்ல.

இதுவரைக்கும் பண்ணது: வீல் பேலன்சிங் ரெண்டு கடைல, அலைன்மென்ட் ஒரு தடவ, "முன்னாடி டயர் ரெண்டும் தேஞ்சிருக்கு சார்"னு சொல்லி ரெண்டு புது டயர் போட வச்சாங்க. மொத்தம் 11,000 பக்கம் போச்சு. உதறல் அப்படியே இருக்கு. செக் இன்ஜின் லைட் எரியல. மைலேஜ் குறையல. இப்ப ஒரு கடைல "இன்ஜின் இறக்கி பார்க்கணும்"ங்கறாங்க, பயமா இருக்கு. யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?

டயர் பைத்தியம்:

ப்ரோ பேலன்சிங் பண்ணாங்கன்னு சொன்னா நம்பாதீங்க, மெஷின் சரியா இல்லன்னா பண்ணதும் ஒண்ணு பண்ணாததும் ஒண்ணு. ரிம் பெண்டா இருக்கான்னு பார்த்தாங்களா? வீலை மெஷின்ல சுத்த விட்டு ரிம் ஓரத்தை பக்கத்துல உக்காந்து பாருங்க, நெளிஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியும். அப்புறம் ரிம் உள்பக்கம் சேறு காஞ்சு ஒட்டிருந்தாலும் உதறும், மழைக்காலம் முடிஞ்சா எனக்கு வருஷா வருஷம் இதான். டயர்ல முட்டை போட்டிருக்கான்னும், அதாவது ஒரு இடம் மட்டும் வீங்கியிருக்கான்னும், தடவி பாருங்க, புது டயர்ல இருக்காது, பின்னாடி பழசுல இருக்கலாம். அலைன்மென்ட்டுக்கும் உதறலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்ல, அது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரம் தேஞ்சாலோ பண்றது, உங்ககிட்ட சும்மா காசு வாங்கிட்டாங்க.

ஆனா ஒண்ணு, காலை எடுத்தா நின்னுடுதுன்னு சொல்றீங்களே, அது எனக்கு இடிக்குது. வீல் பிரச்சனைன்னா காலை எடுத்தாலும் அந்த ஸ்பீடு குறையற வரைக்கும் ஆடிட்டே இருக்கணும். வீலுக்கு நீங்க மிதிக்கிறீங்களா இல்லையான்னு தெரியாதுல்ல.

மதுரை கேஎம்பிஎல்:

அண்ணே எனக்கு இதே மாதிரி வந்துச்சு, ஸ்பார்க் பிளக்கும் இக்னீஷன் காயிலும் மாத்துனேன், சரியாயிருச்சு. இன்ஜின் மிஸ் அடிச்சா ஏத்தத்துலதான் தெரியும், ஏன்னா அப்பதான லோடு. பிளக் எப்ப மாத்துனீங்க? 40,000க்கு மேல ஓடிருந்தா கண்ணை மூடிட்டு மாத்துங்க, நாலு பிளக் என்ன விலை வரப்போகுது. இன்ஜினா வீலான்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்கு, 60ல போகும்போது சாவியை ஆஃப் பண்ணி உருள விடுங்க, உதறல் நின்னா இன்ஜின்தான்.

பட்டறை அண்ணன்:

மதுரைக்கார தம்பி, சாவியை ஆஃப் பண்ண சொல்றதை மட்டும் அழிச்சுடுங்க கண்ணு. ஓடுற வண்டில சாவியை முழுசா திருப்புனா ஸ்டியரிங் லாக் விழுந்துரும், இன்ஜின் நின்னா பிரேக்கை லேசாக்குற பூஸ்டர்லயும் ரெண்டு மிதிக்கு மேல வேக்குவம் இருக்காது, பெடல் கல்லு மாதிரி ஆயிரும். பாக்கறதுக்கு கிளட்ச் போதும்.

இப்ப சேலத்துக்காரருக்கு சொல்றனுங்க. நான் கோயமுத்தூர் பக்கம் 27 வருஷமா பட்டறை வச்சிருக்கேன், உங்க எழுத்தை படிச்சதும் பாதி தெரிஞ்சு போச்சு, இருந்தாலும் வண்டியை பாக்காம ஜோசியம் சொல்லக்கூடாது, நீங்களே மூணு சோதனை பண்ணி பாருங்க.

காலியா இருக்கற சமமான ரோட்டுல, பின்னாடி வண்டி வராதப்ப, 60ல உதற வச்சு அப்படியே கிளட்சை மிதிங்க. தொப்பூர்ல பண்ணாதீங்க, அங்க நியூட்ரல்ல இறங்கி பிரேக் புடிக்காம எத்தனை லாரி அடிச்சிருக்குன்னு சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கிளட்சை மிதிச்சதும் நின்னுச்சுன்னா வீல், டயர், ரிம், டிஸ்க் எல்லாத்தையும் மறந்துருங்க. பாரம் இழுக்கும்போது மட்டும் வர்ற நோவு அது.

அடுத்தது கியர் மாத்தி பாக்கறது. அதே 60ல மூணாவது கியர்லயும் மிதிங்க, நாலாவதுலயும் மிதிங்க. இன்ஜின் சுத்து ரெண்டுலயும் வேற வேறயா இருக்கும், வீல் சுத்து ஒண்ணுதான். உதறல் கியரை பொறுத்து மாறுச்சுன்னா இன்ஜின் பக்கம், அதாவது பிளக், காயில், இல்லன்னா இன்ஜினை தாங்குற ரப்பர் மவுண்டிங். எந்த கியர் போட்டாலும் அதே 60ல அதே மாதிரி உதறுச்சுன்னா கியர்பாக்ஸுக்கு வெளிய, வீலுக்கு உள்ள. அந்த இடத்துல இருக்கறது என்னங்க? டிரைவ் ஷாஃப்ட், எங்க பட்டறைல ஆக்சில்ம்போம்.

மூணாவது மவுண்டிங். பானெட்டை திறந்து வச்சு, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் புடிச்சுக்கிட்டு முதல் கியர்ல கிளட்சை கொஞ்சமா விடுங்க, அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. இன்னொருத்தர் சைடுல நின்னு பாக்கணும், வண்டிக்கு நேரா முன்னாடி யாரும் நிக்கக்கூடாது. இன்ஜின் எழும்பி உக்கார்றது ஒரு அளவுக்கு இருக்கும், நாய் எகிறுற மாதிரி எகிறுச்சுன்னா மவுண்டிங் ரப்பர் போச்சு. ஆனா மவுண்டிங் போன வண்டி நின்னு ஐடிலிங்ல இருக்கும்போதே ஸ்டியரிங் கிர்ர்ருன்னு இருக்கும், ஏசி போட்டா இன்னும் அதிகமா. உங்களுக்கு அப்படி சொல்லல. எடுக்கும்போது மட்டும், முதல் கியர்ல மட்டும் தட தடன்னு அடிச்சா அது கிளட்ச் பிளேட், அதுவும் நீங்க சொல்லல.

ஒரு கேள்விங்க. சமீபத்துல வண்டியோட முன்பக்கத்தை ஏத்தி கீத்தி விட்டீங்களா? ஸ்பிரிங்ல ரப்பர், ஸ்பேசர், பெரிய டயர், ஏதாவது?

சேலத்து வண்டி:

பட்டறை அண்ணா, எப்படி கேட்டீங்க இதை!! ஆமாங்க. எங்க தெருவுல கார்ப்பரேஷன்ல கேக்காமலே ஆளாளுக்கு வீட்டு முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் கட்டி வச்சிருக்காங்க, எங்க வீட்டுக்கு போறதுக்குள்ள 5 இருக்கு, ஒவ்வொண்ணுலயும் அடி தட்டும். அதனால 4 மாசம் முன்னாடி நாலு ஸ்பிரிங்லயும் ரப்பர் பஃபர் போட்டேன். ஆன்லைன்ல வாங்கி ஒரு ஆக்சசரீஸ் கடைல மாட்டுனது. முன்னாடி ரெண்டரை சென்டிமீட்டர் ஏறுச்சு, அடி தட்டறது நின்னுச்சு. உதறல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு யோசிச்சா அதுக்கு ஒரு மாசம் கழிச்சுதான் இருக்கும், ஆனா ரெண்டையும் நான் சேர்த்தே பாக்கல. சஸ்பென்ஷனுக்கும் ஆக்சிலேட்டருக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கு தோணும்.

இன்னிக்கு காலைல கொண்டலாம்பட்டி பைபாஸ்ல கிளட்ச் சோதனை பண்ணேன். மிதிச்ச உடனே சுத்தமா நின்னுடுச்சு. மூணாவது, நாலாவது ரெண்டு கியர்லயும் 60ல உதறுது, எனக்கு ஒரே மாதிரிதான் தோணுது, ஆனா பயத்துல தோணுதா நெஜமாவே அப்படியான்னு தெரியல. ஐடிலிங்ல ஒண்ணும் இல்ல. பிளக் போன வருஷம்தான் மாத்துனேன்.

ஆனா எல்லா வீடியோலயும் ஆக்சில் போனா திருப்பும்போது கட கடன்னு சத்தம் வரும்ங்கறாங்க, எனக்கு ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு திருப்புனாலும் சத்தமே இல்லையே?

தாமிரபரணி டிரைவர்:

நான் நெல்லைல டாக்ஸி ஓட்டுதேன், என் வண்டி பின்வீல் இழுக்குறது, 7 சீட்டர் டீசல், அதனால உங்க வண்டிக்கு இது நேரா பொருந்தாது, ஆனா இதே தலைப்பை தேடி பின்வீல் வண்டிக்காரங்களும் வருவாங்கல்லா, அதுக்காக எழுதுதேன்.

நம்ம வண்டிகள்ல கியர்பாக்ஸ்ல இருந்து பின்னாடி ஆக்சில் வரைக்கும் அடில ஒரு நீள தண்டு போகும் பாத்துக்கிடுங்க, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். நம்மாளுக ஜாயிண்ட்டுன்னுதான் சொல்லுவோம். அதுல முனைக்கு முனை கிராஸ்னு ஒரு மடங்குத ஜாயிண்ட் இருக்கும், நடுவுல ரெண்டு துண்டா இருந்தா சென்டர் பேரிங் ஒண்ணு ரப்பர்ல தொங்கும். கிராஸ் போச்சுன்னா கியர் போட்டு எடுக்கும்போது 'டொக்'னு ஒரு சத்தம், ரிவர்ஸ்ல இருந்து முதல் கியருக்கு மாத்தும்போது மறுபடி ஒரு 'டொக்'. சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சா முதல் ரெண்டு கியர்ல எடுக்கும்போது அடில யாரோ தவுல் வாசிக்கிற மாதிரி இருக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

எனக்கு நடந்தது வேற. குற்றாலம் சீசன்ல ராத்திரி பகலா ஓட்டம், கிராஸ்ல கிச்சு கிச்சுன்னு சத்தம் வந்துச்சுன்னு ஒரு இடத்துல விட்டு புது கிராஸ் போட்டேன். எடுத்துட்டு வரும்போதே 50க்கு மேல வண்டி முழுக்க உர்ர்ருன்னு அதிருது. போடுறதுக்கு முன்னாடி சத்தம் மட்டும்தான் இருந்துச்சு, போட்ட பிறகு அதிர்வும் சேந்துக்கிடுச்சு. திரும்ப கொண்டு போனா "புது கிராஸ்லா, ஓட ஓட சரியாயிரும்"னுட்டாங்க. 10 நாள் அப்படியே ஓட்டுனேன், கூட வந்த சவாரிக்காரங்க கேக்குத கேள்விக்கு பதில் சொல்லி மாளல. கடைசில பாளையங்கோட்டைல ஒரு வயசான மிஸ்திரி, வண்டிக்கு அடில படுத்து டார்ச் அடிச்சு ஒரே நிமிஷத்துல சொல்லிட்டாரு. ஷாஃப்ட்டை கழட்டும்போது ரெண்டு துண்டுக்கும் சேத்து ஒரு உளி அடையாளம் போடணும், போடாம உருவிட்டாங்க, மாட்டும்போது பல்லு ஒண்ணு ரெண்டு தள்ளி ஏறிடுச்சு. ரெண்டு முனைல கிராஸை புடிச்சிருக்க கவட்டையும் ஒரே நேர்கோட்டுல இருக்கணுமாம். கிராஸ் சாய்வா சுத்தும்போது ஒரே வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வேகம் கூடி குறையும், முன்னாடி கிராஸ் கூட்டுறதை பின்னாடி கிராஸ் குறைச்சு சமன் பண்ணும், பல்லு மாறி ஏத்துனா சமன் பண்றதுக்கு பதிலா ரெண்டும் சேந்துக்கிட்டு உதறும். உருவி திருப்பி மாட்டுனாரு, அவ்வளவுதான், 300 ரூவா வாங்குனாரு. நான் 500 குடுத்துட்டு டீயும் வாங்கி குடுத்தேன்.

அதனால பின்வீல் வண்டிக்காரங்க ஷாஃப்ட்டை கழட்ட விட்டா பக்கத்துலயே நின்னு அடையாளம் போட்டாச்சான்னு பாத்துக்கிடுங்க, மெக்கானிக் கோவிச்சாலும் பரவால்ல.

மூணாம் வரிசை:

நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு டிரைவ்லைன் வேலைல இருக்கேன், பட்டறை அண்ணன் சொன்னதுக்கு பின்னாடி இருக்கிற காரணத்தை மட்டும் சொல்றேன், ஏன்னா சேலத்துக்காரர் எழுதுன ரெண்டு விஷயம் அப்படியே பாடப்புத்தகம் மாதிரி இருக்கு. இடது வலதா ஆடுதுன்னு சொன்னீங்க பாருங்க, அது ஒண்ணு. திருப்புனா சத்தம் இல்லங்கறது இன்னொண்ணு.

முன்வீல் வண்டில ஒவ்வொரு டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் ரெண்டு ஜாயிண்ட். வீல் பக்கம் இருக்கிற வெளி ஜாயிண்ட்ல 6 குண்டு இருக்கும், ஸ்டியரிங் ஒடிக்கும்போது மடங்குறது அதான், அது தேஞ்சாதான் கட கட. கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயிண்ட் பெரும்பாலான சின்ன வண்டிகள்ல வேற டிசைன், மூணு கை உள்ள ஒரு நட்சத்திரம், ஒவ்வொரு கைலயும் ஒரு ரோலர், அது மூணும் ஒரு கப்புக்குள்ள மூணு பள்ளத்துல ஓடும். வீல் மேல கீழ ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டோட நீளம் மாறணும்ல, அதுக்காக ரோலர் உள்ள வெளிய வழுக்கும். ஸ்டியரிங் திருப்பறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அதான் சத்தம் வரல.

ஷாஃப்ட் நேரா இருந்தா ரோலர் சும்மா இருக்கும். சாய்வா இருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் மூணு ரோலரும் மாறி மாறி உள்ள போய் வெளிய வரும். நீங்க ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது அந்த ரோலரை பள்ளத்தோட சுவர்ல டார்க், அதாவது முறுக்கு விசை, போட்டு அழுத்துது, அழுத்தத்தோட வழுக்கும்போது உரசும், அந்த உரசல் ஷாஃப்ட்டை இடது வலதா தள்ளும், ஒரு சுத்துக்கு மூணு தள்ளு. காலை எடுத்தா அழுத்தம் இல்ல, உரசல் இல்ல, தள்ளலும் இல்ல. பள்ளம் தேஞ்சு குழி விழுந்திருந்தாலோ கிரீஸ் வெளிய போயிருந்தாலோ இது பல மடங்கு ஆகும். சாய்வு கூடுனாலும் கூடும். நீங்க பஃபர் போட்டு முன்பக்கத்தை தூக்கினது, நாலு பேரும் அரிசி மூட்டையும் பின்னாடி அழுத்தி மூக்கை இன்னும் தூக்கினது, தொப்பூர் ஏத்தத்துல டார்க் கூடுனது, மூணும் ஒரே நேரத்துல சேர்ந்துருச்சு.

உங்களுக்கு பயத்துல தோணுதான்னு சந்தேகம்னா போன்லயே அளக்கலாம். ஃபைஃபாக்ஸ்னு ஒரு ஆப், ஜெர்மனில ஆகென் பல்கலைக்கழகத்துல பண்ணது, இலவசம். அதுல ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம்னு ஒண்ணு இருக்கு. போனை கியர் பக்கத்துல தரையோட டேப் போட்டு ஒட்டிடுங்க, கைல புடிக்காதீங்க, பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க பாக்கட்டும். வீல் சுற்றளவு தெரியணும், டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுத்து உருட்டி தரைல டேப்ல அளந்துக்கோங்க. உதாரணத்துக்கு 1.9 மீட்டர்னா 60ல வீல் ஒரு செகண்டுக்கு 8.8 சுத்து சுத்தும். கிராஃப்ல 9 பக்கத்துல மேடு மாதிரி ஒரு முட்டு வந்தா வீல், டயர், ரிம். அதோட மூணு மடங்கு, 26 பக்கத்துல வந்தா உள் ஜாயிண்ட். இன்ஜின் சம்பந்தப்பட்டதுன்னா கியர் மாத்தும்போது நம்பர் ஓடிப்போயிரும், ஒரே இடத்துல நிக்காது. ஸ்பீடாமீட்டரை நம்பாம ஜிபிஎஸ் ஸ்பீடை பாருங்க, மீட்டர் பெரும்பாலும் கொஞ்சம் கூடவே காட்டும்.

சேலத்து வண்டி:

அளந்துட்டேன்!! என் டயர் 165/80 ஆர்14, சாக்பீஸ் போட்டு உருட்டினா 1.9 மீட்டர்தான் வந்துச்சு, வாட்ச்மேன் தாத்தா என்னப்பா காரை தள்ளி தள்ளி கோலம் போடறியான்னு கேட்டார். என் தம்பி பக்கத்துல உக்காந்து பார்த்தான். 60ல மூணாவது கியர்: 26. 60ல நாலாவது கியர்: 26. 40ல: 17க்கும் 18க்கும் நடுவுல. காலை எடுத்தா அந்த முட்டு பொசுக்குனு படுத்துடுது. 9 பக்கத்துலயும் ஒரு குட்டி முட்டு இருக்கு, அது எப்பவும் இருக்கு.

11,000 ரூபாய் போனதுக்கு அப்புறம் ஒரு சாக்பீஸ்ல வந்து நிக்குது.

மூணாம் வரிசை:

17.5, 26, ரெண்டுமே வீல் சுத்தோட மூணு மடங்கு. இன்ஜினை இறக்க விடாதீங்க. அந்த 9 குட்டி முட்டு எல்லா வண்டிலயும் கொஞ்சம் இருக்கும், விடுங்க.

ஆக்டிவ் பார்ட்டி:

சைடு கேப்ல ஒரு கேள்வி, என் ஸ்கூட்டர் சிக்னல்ல எடுக்கும்போது மட்டும் கடகடன்னு நடுங்குது, 20 தாண்டுனா சரியாயிருது. இதுவும் ஜாயிண்ட்டா?

பட்டறை அண்ணன்:

இல்லீங்க, ஸ்கூட்டர்ல அந்த ஜாயிண்ட்டே கிடையாது. எடுக்கும்போது மட்டும்னா கிளட்ச் ஷூவும் அது புடிக்கற பெல்லும். ஷூ பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிருக்கும், உள்ள தூசி அடைச்சிருக்கும். கவரை கழட்டி, தூசியை தொடச்சு, ஷூவை உப்புத்தாள்ல லேசா தேச்சு விட சொல்லுங்க. முக்கால்வாசி வண்டி அதுலயே சரியாயிரும். ஓடும்போது ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல திணறுச்சுன்னா உள்ள இருக்கற ரோலர் ஒரு பக்கம் சப்பையா தேஞ்சிருக்கும், பெல்ட்டையும் சேர்த்து பாக்க சொல்லுங்க.

சேலத்துக்காரரே, வண்டியை விடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஆக்சில் நட்டை புதுசா வாங்கி குடுங்க, பழசையே தட்டி மாட்ட விடாதீங்க. கியர்பாக்ஸ்ல இருந்து கப்பை உருவுனா ஆயில் கொட்டும், அந்த இடத்து ஆயில் சீலையும் அப்பவே மாத்திருங்க, பழைய சீல்ல திருப்பி சொருகுனா ஒழுகத்தான் செய்யும். விலை கம்மின்னு பேரு தெரியாத முழு ஷாஃப்ட் செட் வித்தாங்கன்னா வாங்காதீங்க, புதுசு போட்டும் உதறுதுன்னு எங்கிட்ட வந்த வண்டி நெறைய. ஜாயிண்ட் மட்டும் கம்பெனி சாமான் கிடைச்சா அதுவே போதும். அந்த ஸ்பிரிங் ரப்பரை எடுத்து வீசிட்டு வாங்க முதல்ல.

சேலத்து வண்டி:

அப்டேட். ரொம்ப லேட்டா எழுதுறேன், மன்னிக்கவும், நடுவுல ஒரு கல்யாணம்.

முதல்ல பஃபரை மட்டும் கழட்டுனேன், ஒரு நாள் ஓட்டி பார்த்தேன். உதறல் பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு, ஆனா போகல. ஏத்தத்துல இன்னும் தெரியுது. அப்புறம் அஞ்சு ரோடு பக்கம் எங்க மாமா சொன்ன ஒரு சின்ன ஷெட்டுக்கு போனேன். அவர் வண்டியை தூக்கி வச்சு உள்பக்கத்துல ஷாஃப்ட்டை ரெண்டு கையால புடிச்சு மேல கீழ ஆட்டினார், இடது பக்கம் கெட்டியா இருக்கு, வலது பக்கம் லொட லொடன்னுது. ஜாயிண்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழியல, ஆனா கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற கிளாம்ப் லூசாகி அந்த வழியா கிரீஸ் கசிஞ்சு, சைலன்சர் பைப் மேல, அடி தகரத்து மேல எல்லாம் வட்டமா தெறிச்சு மண்ணு ஒட்டி கருப்பா காஞ்சு கிடக்கு. இதை பேலன்சிங் பண்ணவங்க ரெண்டு பேரும் வண்டியை தூக்கும்போது குனிஞ்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

கழட்டுனதும் கப்பை மண்ணெண்ணெய்ல கழுவி என் கைல குடுத்தார். மூணு பள்ளம். வெறும் கண்ணுக்கு நல்லாதான் இருந்துச்சு. "நகத்தை வச்சு இழுத்து பாருங்க"ன்னார். ஒரு பள்ளத்துல நகம் வழுக்கிட்டு போய் ஒரு இடத்துல டக்குனு இறங்கி ஏறுது, அந்த இடம் மட்டும் ரோலர் அகலத்துக்கு தேஞ்சு குழி விழுந்திருக்கு. பத்து பைசா கனம் கூட இருக்காது அந்த குழி. மிச்சம் இருந்த கிரீஸ் ரெண்டு விரல்ல தொட்டா தண்ணி மாதிரி ஓடுது, உள்ள மணல் மாதிரி நற நறன்னுது. "உதறல் பஃபர்னால மட்டும் வரலைங்க, இது ஏற்கனவே தேஞ்சுட்டு வந்திருக்கு, நீங்க தூக்கி விட்டதும் ரோலர் வேற இடத்துல ஓடி காட்டிக்குடுத்துருச்சு"ன்னார். அப்ப பஃபர் நல்லதுதான் பண்ணுச்சான்னு கேட்டேன், முறைச்சார்.

வலது பக்கம் உள் ஜாயிண்ட், பூட், கிளாம்ப், அதோட வந்த கிரீஸ், எல்லாம் சேர்த்து 3,650. கிரீஸ் விஷயத்துல ஒண்ணு கவனிச்சேன், பாக்கெட்ல வந்ததை முழுசா கப்புலயும் பூட்லயும் அமுக்கி வச்சார், வெளி ஜாயிண்ட் கிரீஸ் வேற இது வேற, டப்பால இருக்கிறதை போட்டு ஒப்பேத்தக்கூடாதுன்னார். இடது பக்கம் ஜாயிண்ட் நல்லா இருந்ததால பூட்டும் கிரீஸும் மட்டும் மாத்தினார். ஆக்சில் நட் புதுசு, நீங்க சொன்ன மாதிரி நானே வாங்கிட்டு போயிட்டேன், அதை வண்டி தரைல நிக்கும்போது டார்க் ரெஞ்ச்ல முறுக்கி உளியால தட்டி மடக்கினார். கியர் ஆயில், லேபர் 1,800, ஆக மொத்தம் 7,000த்துக்குள்ள முடிஞ்சுது. ஆயில் சீல் மட்டும் வலது பக்கத்துது கிடைச்சுது, இடது பக்கத்துது ஸ்டாக் இல்லன்னு பழசையே விட்டுட்டார்.

ஞாயித்துக்கிழமை வேணும்னே தொப்பூருக்கு போனேன், அதே நாலு பேரு, அரிசி மூட்டைக்கு பதிலா ரெண்டு தண்ணி கேன். மூணாவது கியர், 50, முழுசா மிதிச்சேன். பிள்ளையார் அசையல. அம்மா தூங்கிட்டாங்க. போன்ல பார்த்தா 26ல இருந்த முட்டு இருந்த இடமே தெரியல.

ஸ்பீடு பிரேக்கர்ல மறுபடி அடி தட்டுது. இப்ப அஞ்சையும் குறுக்கா ஏத்தி ஓட்டறேன்.

டயர் பைத்தியம்:

சூப்பர் ப்ரோ. அந்த ரெண்டு புது டயரையாவது பின்னாடி மாத்தி போடாம முன்னாடியே ஓட்டி தேச்சுடாதீங்க, 8,000 ஓடினதும் முன்னாடி பின்னாடி மாத்துங்க. வேஸ்ட்னு நினைக்காதீங்க, எப்படியும் ஒரு நாள் வாங்கியிருப்பீங்க.

பட்டறை அண்ணன்:

சந்தோசமுங்க. இடது சீல் பழசுன்னு சொன்னது எனக்கு உறுத்துது. ஒரு 500 கிலோமீட்டர் ஓடுனதும் ராத்திரி வண்டி நிக்கற இடத்துல அடில ஒரு அட்டையை போட்டு வைங்க, காலைல சொட்டு இருக்கான்னு பாருங்க. கியர்பாக்ஸ்ல ஆயில் குறைஞ்சா மீட்டர்ல லைட் எல்லாம் வராது, சத்தம் வரும்போது வேலை பெருசாயிருக்கும்.

சேலத்து வண்டி:

அட்டை போட்டு வச்சேங்க அண்ணா. இடது பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்கு ரெண்டு சொட்டு. சீல் ஈரோட்ல இருக்குன்னு சொன்னாங்க, சனிக்கிழமை வண்டியை விடுறேன்.